கொழும்பில் ஒரு லண்டன் ஒத்திகை

கொட்டகலை,
09.03.2003

அன்பு மகள் தவமலருக்கு,

நானும் உன் அம்மாவும் கடந்த செவ்வாய்க்கிழமை வேனை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனோம், மூன்று நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் காலிலுமாகச் சுற்றினோம், வெள்ளிக்கிழமை பின்னேரம் கை கால் முழுசாக வீடு வந்து சேர்ந்தோம். எனக்கு இடது குதிகாலில் ஒரு கொப்புளம், அதைத் தவிர இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் நிதுஷனும் அதேபோல இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லாவிட்டால் பதில் எழுதும்போது அதை முதல் வரியிலேயே எழுது, நீ எப்போதும் கெட்ட செய்தியைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் எழுதுகிறாய், கண்ணாடி போட்டுத் தேடவேண்டியிருக்கிறது. இதை டெலிபோனில் சொல்லலாமே என்று நினைப்பாய். டெலிபோனில் நீ அழுவாய், அம்மா அழுவாள், டெலிபோன் கார்டில் காசு முடிந்துவிடும், ஒரு காரியமும் பேச முடியாது. இது காரியம் பேசுகிற கடிதம், ஆறுதலாக இருந்து வாசி, மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு, நடுவில் என்னைப் பற்றி வருகிற ஒரு பகுதியை மட்டும் வேண்டுமானால் விட்டுவிட்டு வாசி.

ஜனவரியில் நீ போட்ட கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். எங்களிடம் இன்னும் கார் இல்லை அப்பா, இப்போது வந்தால் ரயில் மாறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் நடந்து, மூன்றாம் மாடிக்குப் படி ஏறவேண்டும், அடுத்த வருடம் ஒரு கார் எடுத்துவிட்டுக் கூப்பிடுகிறோம், அதற்காக அவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருந்தாய். இப்போது நான் சொல்வதைக் கேள். விசா எடுத்தாயிற்று. போன வருடம் நீ அனுப்பிய கடதாசிகளைக் காட்டிப் பெப்ரவரியில் எடுத்துவிட்டேன், உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாய். அது ஆகஸ்ட் மாதத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் போய்க் கேட்டால் திரும்பவும் கொடுப்பார்கள் என்பதற்கு யார் பொறுப்பு, நீ பொறுப்பா, மாப்பிள்ளை பொறுப்பா. பேரனுக்கு ஜூனில் நாலு வயது ஆகிறது, இன்றுவரை உன் அம்மாவுக்கு அவன் டெலிபோனுக்குள் மூச்சு விடுகிற ஒரு சத்தம்தான். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு அவன் உன்னைப் போலவா மாப்பிள்ளையைப் போலவா என்று அவள் பஜாரில் எல்லோரிடமும் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அதோடு நீ யாருக்காகக் கார் வாங்கப் பார்க்கிறாய் என்று யோசித்தாயா. எனக்கு வேன் இருக்கிறது என்பதால் நாங்கள் இரண்டு பேரும் வேனிலேயே பிறந்தவர்கள் மாதிரி எழுதுகிறாய். உன் அம்மா அந்த வேனில் கடைசியாக எப்போது ஏறினாள், சொல். ஹட்டனுக்குப் போகிற வழியில் மூன்றாவது வளைவில் ஒரு தரம், நோர்வூட்டுக்குப் போகும்போது ஒரு தரம் வாந்தி எடுத்தாள், இரண்டு தரமும் நம் டிரைவர் அழகுமுத்து வேனைக் கழுவிவிட்டு இரண்டு நாள் கதவைத் திறந்து வைத்திருந்தான். உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பூச் சுற்றிய கார் அனுப்பினார்கள், நான் அதில் மாலையோடு உட்கார்ந்து போனேன், உன் அம்மா பட்டுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகலை ஸ்டேசனில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்கித் தாலி கட்டப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்துக்குள் வந்தாள். மறந்துவிட்டாயா. ஆகவே நீ கார் வாங்கி ஹீத்ரோவுக்குக் கொண்டு வந்தாயானால் முதல் நாளே அந்தக் காரின் சீற்று என்ன கதிக்கு ஆகும் என்று நான் எழுதவேண்டியதில்லை. கார் இல்லை என்று நீ வெட்கப்படுகிறாய், அம்மாவோ அந்த வரியை நான் வாசித்ததும் மூச்சை இழுத்து விட்டு, அப்பாடா என்றாள்.

உன் வெட்கம் எங்கேயிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். உன் மாமனார் இராசரத்தினம் மாஸ்டர், அவரை நான் குறை சொல்லவில்லை, ஹட்டனில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுசன், ஆனால் அவர் லண்டனுக்குப் போய் வந்த நாள் முதல் என்னைக் கண்டால் லண்டன் பாடம்தான். நாங்கள் விசா எடுத்ததைச் சொன்னபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முதலாளி, லண்டன் கொட்டகலை இல்லைக் கண்டியளோ, காரில்லாட்டி அங்கை ஒரு இடமும் போகேலாது" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கும், அவருடைய மூத்த மகன் றமணன் அவர் அங்கே இருந்த ஒன்றரை மாதம், ஆறு கிழமையும் அவரைக் காரிலேயே ஏற்றி இறக்கியிருக்கிறான். நான் மெதுவாக, என்னென்ன பார்த்தீர்கள் சம்பந்தி என்று கேட்டேன். ராணியின் மாளிகையைக் காருக்குள்ளிருந்து பார்த்தார்களாம், இறங்கவில்லை, நிறுத்த இடம் இல்லை. ஆற்றுப் பாலத்தையும் காருக்குள்ளிருந்து பார்த்தார்களாம். முருகன் கோயிலுக்குப் போனார்களாம், காரை நிறுத்த இடம் தேடி முடிகிறபோது பூசை முடிந்து எல்லோரும் பிரசாதத்தோடு வெளியே வந்தார்களாம். ஆறு கிழமை லண்டனில் இருந்து அவர் முழுசாகப் பார்த்தது றமணனின் பின்தலையைத்தான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஆனாலும் பார்க்காத ஊரைப் பற்றி வாயால் அடிப்பது என் பழக்கம் இல்லை, மரக்கறித் தோட்டத்தை நடந்து பார்க்காமல் நான் விலை பேசினதே இல்லை. நீ எழுதிய வழியை ஒரு கடதாசியில் எழுதினேன். ஒரு நீண்ட பயணம், பிறகு ரயில், நடுவில் கூட்டத்துக்குள் ஒரு மாற்றம், திரும்பவும் ரயில், பன்னிரண்டு நிமிட நடை, மூன்று மாடி. இதே அளவுக்குக் கொழும்பில் ஒரு வழி வெட்டினேன். கொட்டகலையில் ஏறிக் கோட்டை ஸ்டேசனில் இறங்குவது, பெட்டிகளோடு பாலம் ஏறி மறு மேடையில் கரையோர ரயில் பிடிப்பது, வெள்ளவத்தையில் இறங்கி நடப்பது, நாலாம் மாடியில் இருக்கிற தெரேசா வீட்டுக்குப் படி ஏறுவது. தெரேசாவை உனக்கு ஞாபகம் இருக்கும், தோட்டத்தில் நம் பழைய லயத்து வரிசையில் நமக்கு அடுத்த காம்பராவில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவள், இப்போது வெள்ளவத்தையில் தையல் வேலை. லண்டனை விட ஒரு மாடி கூட. உன் அம்மாவுக்கு இதுதான் முதல் கொழும்பு, அறுபதுக்குக் கிட்ட வந்தும் கம்பளைக்கு அப்பால் போகாதவள், அவள் இதில் தேறினால் டிக்கட் போடுவது, தேறாவிட்டால் நீ சொன்னபடி கார் வரும் வரை இருப்பது என்று முடிவு. கொழும்பில் டிக்கட் போடுகிறவரிடம் மே மாதத்தில் இரண்டு இடம் பிடித்து வைக்கச் சொன்னேன், மார்ச் பத்தாம் திகதி, அதாவது நாளைத் திங்கட்கிழமை வரைக்கும்தான் வைத்திருப்பேன் என்றார்.

ஒத்திகை என்றால் முழு ஒத்திகை. லண்டனுக்குக் கொண்டுவரப் போகிற சாமானையே இரண்டு பெட்டியில் கட்டினோம், ஆளுக்கு இருபது கிலோ, அதற்கு மேல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று நீதான் எழுதினாய். எனக்கு இழுத்துக்கொண்டு போகச் சில்லு வைத்த புதுப் பெட்டி, ஹட்டனில் வாங்கினேன். அம்மா பழைய துணிப்பையை எடுத்து, பரணில் கிடந்த கூடைக்கயிற்றை இறக்கி, பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்து, கயிற்றை அதன் மேல் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டு எழுந்து நின்றாள். கொழுந்துக்கூடை போலவே. பதினேழு வருடம் மலையில் கொழுந்து பறித்தவள், பறித்ததை நிறுக்கக் கூடையோடு மேட்டில் ஏறியவள், அவளுக்கு அது சுமையே இல்லை. எனக்குத்தான் முகம் சுருங்கியது. சோலைமலை ஸ்டோர்ஸ் முதலாளி சம்சாரம் இப்படிக் கொழும்பில் நடந்தால் யாராவது பார்ப்பார்களே என்றேன். கொழும்பில் என்னை யாருக்குத் தெரியும், உங்களைத்தான் யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். பிறகு கடைப் பின்பக்கம் இருக்கிற பச்சைத் தராசில், உனக்குத் தெரியும், தோட்டத்து ஆட்களிடம் மரக்கறி வாங்கும்போது நிறுக்கிற அதே தராசில், இரண்டையும் வைத்து நிறுத்தேன். அவளுடைய பை இருபது, என் பெட்டியும் இருபது. அவள் பையைத் திரும்பவும் முதுகில் மாட்டி, கயிற்றை நெற்றிக்கு மேலே கொஞ்சம் தள்ளிவிட்டு, "இது இருபது இல்லைங்க, இருபத்திரெண்டு" என்றாள். தராசு சொல்கிறது என்றேன். "தராசு சொல்லும், என் கழுத்து சொல்லலையே" என்றாள். இருபது வருடமாகக் கூடை தூக்காத கழுத்துக்கு என்ன தெரியும் என்று நான் சிரித்தேன். மகளே, சிரித்திருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ஸ்டேசன் வரை எங்களை நடக்க விட்டுவிட்டு அழகுமுத்து வேனை ஆளில்லாமல் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான், நான் என்ன தப்புச் செய்தேன் மொதலாளி என்று அவன் முகம் கேட்டது. ரயிலில் உன் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வட்டவளை, நாவலப்பிட்டி எல்லாம் தன் சொந்தக் காணி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள், ஒரு வாந்தி இல்லை, ஒரு தலைச்சுற்று இல்லை, கொண்டு போன எலுமிச்சம்பழத்தை முகரக் கூட இல்லை, ரம்புக்கனையில் அதை வெட்டி உப்புப் போட்டுத் தின்றுவிட்டாள். ஆனால் கம்பளையிலிருந்து கோட்டை வரைக்கும் இருபதா இருபத்திரண்டா என்ற பேச்சு ஓயவில்லை. எதிர் சீற்றில் இருந்த குருநாகல் ஐயா ஒருவர் கூட சிங்களத்தில் என்ன சண்டை என்று கேட்டு, அம்மா கயிற்றை அவர் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லி, அவர் இருபத்தைந்து என்று சொல்லி, அவரையும் இருவரும் ஒதுக்கிவிட்டோம். கோட்டையில் இறங்கியதும் இன்றைக்கு இதை முடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு வீறாப்பு. நேரே பார்சல் எடுக்கிற இடத்துக்குப் போய், அங்கே இருந்த பெரியவரிடம் தன்மையாகப் பேசி, ஐயா, எங்களுக்குள் ஒரு பந்தயம், இதைக் கொஞ்சம் நிறுத்துச் சொல்லுங்கள் என்றேன். நல்ல மனுசன். பையை மேடையில் வைத்தார், முள் ஆடி நின்றது, "விசி தெக்காய்" என்றார். இருபத்திரண்டு. என் பெட்டியை வைத்தார், அதுவும் இருபத்திரண்டு. அப்போதுதான், மகளே, எனக்கு ஞாபகம் வந்தது.

இதுதான் விட்டுவிட்டு வாசிக்கச் சொன்ன இடம். நம் பச்சைத் தராசு எதை வைத்தாலும் இரண்டு கிலோ குறைத்துத்தான் காட்டும். நான்தான் அப்படி நிறுத்தி வைத்தேன், கடை தொடங்கிய மூன்றாம் வருடம். லீக்ஸில் மண் இருக்கும், கோவா இலைக்குள் தண்ணீர் இருக்கும், கொழும்புக்குப் போகிற வழியில் வாடி எடை குறையும், அதற்கெல்லாம் ஒரு கழிவு வேண்டும், எல்லாக் கடையிலும் இருக்கிறது. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த இரண்டு கிலோ என் மூளையிலிருந்தே கழன்றுவிட்டது, ஊரை நிறுத்த தராசில் என் பெட்டியை நானே வைத்து நானே ஏமாந்தேன். உனக்கும் ஒரு உண்மை சொல்லவேண்டும். சின்ன வயதில் உன்னை அந்தத் தராசில் ஏற்றி நிறுத்துவிட்டுப் பிள்ளை எடை குறைச்சல் என்று அம்மா அழுது, ஆறு மாதம் மூக்கைப் பிடித்து மீன் எண்ணெய் ஊற்றினாளே, உன்னில் ஒரு குறைச்சலும் இருக்கவில்லை. அப்போது எனக்கு ஞாபகம் இருந்தது, வாயைத் திறக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்.

அம்மா பார்சல் மேடையையும் என்னையும் ஒரு தரம் பார்த்தாள், கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். நான் பின்னால் போகிறேன், இரண்டாவது படியில் என் புதுப் பெட்டியின் ஒரு சில்லு கழன்று உருண்டு கீழே போய்விட்டது. கந்தோர் வேலை முடிந்து சனம் வீட்டுக்குப் போகிற நேரம், கரையோர ரயிலில் ஆட்கள் வாசலில் தொங்குகிறார்கள். அவளுடைய இரண்டு கையும் வெறுங்கையாக இருந்ததால் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள், நான் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் ரயில் போய்விட்டது. கொழும்பையே கண்டிராத மனுசி, விலாசம் எழுதிய கடதாசி என் சட்டைப்பையில். அடுத்த ரயில் வருகிற வரைக்கும் நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன். வெள்ளவத்தை ஸ்டேசனில் அவளைக் காணோம், மேடையில் இருந்த கடலைக்காரனிடம் கேட்டேன், முதுகில் மூட்டை கட்டிய அம்மாவா, அவர் தையல்காரத் தெரேசா வீடு எது என்று கேட்டு அப்போதே போய்விட்டாரே என்றான். நான் ஒற்றைச் சில்லுப் பெட்டியைத் தூக்கி நாலு மாடி ஏறி மூச்சு வாங்கப் போய் நின்றால், உன் அம்மா பிளேன்டீ குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் தெரியாமல் ஏறினாளா, தெரிந்தே என்னை விட்டுவிட்டுப் போனாளா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம்.

அடுத்த இரண்டு நாளும் அவள் என்னோடு நேரே பேசவில்லை, எல்லாம் தெரேசா மூலமாக. தெரேசா, அவுங்க சோறு போதுமான்னு கேளு. தெரேசா, அவுங்க செருப்பு கடிக்குது போல, தேங்காய் எண்ணெய் குடு. அப்படியே தெரேசாவையும் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினோம், ஒத்திகையை விட முடியாதே. பம்பலப்பிட்டியில் ஓடுகிற படி வைத்த ஒரு கடைக்கட்டடத்துக்குப் போனோம், லண்டன் ஸ்டேசனில் எல்லாம் அதுதான் என்று நீ எழுதியிருந்தாய். நான் கால் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், எனக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வகுப்பே சேர்ந்துவிட்டது. காவலாளி வந்து என் கையைப் பிடித்து ஏற்றப் பார்த்தான், எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா தெரேசாவிடம், வழுக்குப் பாறையில கால் வைக்கிற மாதிரி குதிகாலை முதல்ல வைக்கச் சொல்லு என்றாள், சொல்லிவிட்டு அவள் மேலே போய் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரம் ஏறிவிட்டேன். பஸ்ஸில் மட்டும் அவளுக்குச் சரிவரவில்லை, இரண்டு நிறுத்தம் போனதும் முகம் வெளுத்து இறங்கிவிட்டாள், மீதியை நடந்தோம். ஆகவே உன் வழியில் எங்காவது பஸ் இருந்தால் வெட்டிவிடு, ரயிலும் நடையும் போதும், எத்தனை மைல் என்றாலும் அவள் நடப்பாள், எனக்குத்தான் இடையில் உட்காரப் பெஞ்சு இருக்கிற பாதையாகப் பார்.

திரும்பி வருகிற ரயிலில் ரம்புக்கனைக்குப் பிறகு அவள் விரல் மடித்து ஏதோ எண்ணத் தொடங்கினாள். நாவலப்பிட்டி வரைக்கும் எண்ணினாள். பிறகு தெரேசா இல்லாத காரணத்தால் என்னிடமே கேட்டாள், காளியாயி நம் கடைக்கு எத்தனை வருசமாக வருகிறாள் என்று. காளியாயி யார் என்று உனக்குத் தெரியும், அம்மாவோடு ஒரே மலையில் அடுத்த நிரையில் கொழுந்து பறித்தவள், புருசன் போன பிறகு லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் போட்டு வாரம் இரண்டு மூட்டை கொண்டுவருகிறவள். பதினோரு வருடம் என்றேன். வாரத்துக்கு நாலு கிலோ, வருடத்துக்கு இருநூறு, பதினோரு வருடத்துக்கு ஒரு சின்ன லொறி லீக்ஸ் என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். நான் மண்ணையும் தண்ணீரையும் பற்றிச் சொன்னேன், மற்றக் கடைகளைப் பற்றிச் சொன்னேன். நான் பேசி முடியும்வரை கேட்டுவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கொழுந்து நிறுக்கிற மடுவத்துல கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டுன்னு வெட்டுனாங்க. அந்த ராத்திரி எல்லாம் நீங்கதான அவுங்களத் திட்டுவீங்க. அவுங்களாவது யாரோ எவரோ, நீங்க காளியாயிக்கிட்ட வெட்டியிருக்கீங்க." பிறகு, தராசு நேரானால்தான் லண்டனுக்கு வருவேன், இல்லையென்றால் நீங்கள் மட்டும் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். ஹட்டன் தாண்டும்போது நான் விளையாட்டுக்கா என்று கேட்டேன், அவள் இறங்கக் கயிற்றைப் பையில் சுற்றத் தொடங்கினாள்.

நேற்றுச் சனிக்கிழமை காலையில் நான் கடைக்குப் போகிறேன், அவள் எனக்கு முன்னால் போய்த் தராசு மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறாள், முள் ஐம்பத்தொன்றில் நிற்கிறது, ஐம்பத்து மூன்று கிலோ மனுசி. சனிக்கிழமை மரக்கறி வருகிற நாள், வரிசையில் முதல் ஆள் யார், காளியாயிதான், முதுகில் மூட்டையோடு. சொல்லவேண்டியதை நானே சொல்லிவிடுவது நல்லது என்று, காளியாயி, இந்தத் தராசில் இரண்டு கிலோ பிசகு இருந்திருக்கிறது, இன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம் என்று தொடங்கினேன். அவள் மூட்டையை இறக்கி நெற்றியைத் துடைத்துவிட்டு, "தெரியுமுங்க மொதலாளி. அடுத்த கடையில மூணு வெட்டுறான், அதனாலதான ஒங்கக்கிட்ட வாறேன்" என்றாள். ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது, மறைக்கவில்லை. பிறகு உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். காளியாயியின் கழுத்துக்கும் தெரிந்திருக்கிறது, வருகிற எல்லோருடைய கழுத்துக்கும் தெரிந்திருக்கிறது, தெரியாதது போல இருந்தது நான் ஒருவன்தான். திருகுச்சாவியை எடுத்து அவர்கள் இரண்டு பேரும் பார்க்க நேராக்கினேன், நாலு ஒரு கிலோப் படிக்கல்லை வைத்து நாலு காட்டுகிறதா என்று அம்மா குனிந்து பார்த்தாள், காளியாயியும் பார்த்தாள், அழகுமுத்துவும் யாரும் கூப்பிடாமல் வந்து பார்த்தான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, போனதற்கு என்ன என்று அம்மா கேட்டாள், அதைப் பேசத்தான் நேற்றுப் பகல் முழுக்கப் போனது, முப்பது வருடத்தில் இவ்வளவு இறுக்கமான ஆளோடு நான் பேரம் பேசியதில்லை.

ஆக மகளே, நாங்கள் வருகிறோம். நாளைக் காலை டிக்கட்டுக்காரருக்குச் சொல்லிவிடுவேன், மே பதின்மூன்றாம் திகதி செவ்வாய்க்கிழமை அங்கே வந்து இறங்குவோம். மாப்பிள்ளை கிருஷாந்தனிடம் சொல், ஞாயிற்றுக்கிழமை வேலையை விடச் சொல், அந்த நாளில் எங்களோடு நடக்கட்டும், காரை உங்களுக்குத் தேவை வரும்போது வாங்குங்கள், எங்களுக்காக வேண்டாம், யாரிடமும் இரவல் கார் கேட்டு ஹீத்ரோவுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். பேரனைக் கூட்டிக்கொண்டு நீ ரயிலில் வந்தால் போதும், எங்கள் இருவருக்கும் ஒரு குளிர்ச்சட்டை எடுத்து வா, நுவரெலியாக் குளிர் பழகினவர்கள் என்று சும்மா வந்துவிடாதே. அம்மா முதுகில் கயிறு மாட்டிக்கொண்டுதான் வருவாள், நான் அதைப் பற்றி இனிமேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன், நீயும் கூச்சப்படாதே. அவளை அம்மாயி என்று கூப்பிடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு, மாஸ்டர் வீட்டுப் பேச்சில் அம்மம்மா என்றாலும் குறை இல்லை, மூச்சு மட்டும் விடாமல் ஏதாவது சொன்னால் சரி. மாஸ்டரிடம் நேற்றுப் பின்னேரம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், தராசை மட்டும் விட்டுவிட்டேன். அவர், கோட்டையில் அந்த எதிர் மேடைக்கு மாறுகிற இடம் எது என்று கேட்டு எழுதி எடுத்துக்கொண்டார்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நல்லா இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் கும்பிட்டுக்கொள்கிறோம். மறக்காமல் நிதுஷனின் செருப்பு அளவைக் கடதாசியில் காலை வைத்து வரைந்து அனுப்பு. கடைசியாக, அம்மா வருவதற்கு ஒத்துக்கொண்ட பேச்சை உன்னையும் சாட்சியாக வைத்து எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்: இரண்டு பெட்டியிலும் கூடுதலாக இருக்கிற நாலு கிலோவையும் என் சாமானிலிருந்துதான் இறக்க வேண்டும், அதாவது தேயிலைத்தூளும் தோசைக்கல்லும் வராது. மழை நாளில் மண்ணுக்காக மூட்டைக்கு ஒரு கிலோ கழிக்கலாம், அதைக் கொண்டுவருகிறவருக்கு முகத்துக்கு முன்னால் சொல்லிக் கழிக்க வேண்டும், வெயில் நாளில் ஒன்றும் கிடையாது. காளியாயிக்கு மட்டும் மூட்டைக்கு இரண்டு கிலோ கூட்டி எழுத வேண்டும், இனிப் பதினோரு வருடத்துக்கு. நான் ஐந்து வருடம் கேட்டேன், தரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
பெ. சோலைமலை